என்ன முறை

காலை ஆறு மணிக்கு ஏரியின் மட்டத்தைப் படிப்பது என் வேலை.
தூணில் அறைந்த அளவுப் பட்டையில்
தண்ணீர் எங்கே தொடுகிறதோ
அந்தக் கோடு.
ஒசோயூஸ் கரையில் நான் மீட்டரில் எழுதுகிறேன்.
தெற்கே, ஓரோவில் மதகுப் பக்கம்,
வெண்டல் அதையே அடியில் எழுதுகிறார்.
ஒரே தண்ணீர்தான்.
அவருடைய எண் எப்போதும் பெரியது.
இதைச் சொல்லியே நாங்கள் இருவரும்
ஏழு வருடமாகத் தொலைபேசியில் சிரிக்கிறோம்.

நாட்டு எல்லை ஏரியின் மேலே போகிறது,
வரைபடத்தில்.
படகிலிருந்து கையை விட்டுத் துழாவினால்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குளிர்,
கொஞ்சம் பாசி,
யாரோ தொலைத்த தூண்டில் மிதவை.

மே மாதம் சிமில்காமீன் பெருகி வந்து
ஏரியின் வாயை அடைத்துக்கொண்டது.
நாலு நாள் ஆறு பின்பக்கமாக நடந்தது.
அமெரிக்கத் தண்ணீர் கனடாவுக்குள் வந்தது,
யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: திரும்பிப் பாய்கிறது.
மேலதிகாரி அதைச் சுழித்து,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
அனுப்பிவைத்தார்.

ஜூலையில் கதை வேறு.
மலைப்பனி முன்னதாகவே உருகித் தீர்ந்த வருடம்.
பள்ளிக்கூட ஹாலில் கூட்டம்.
இரண்டு கொடி, ஒரு காபிக் கெண்டி.
குர்பச்சன் செர்ரி மரங்களுக்காகப் பேசினார்,
பேசி முடித்த பிறகும் உட்காரவில்லை.
படகுத்துறைக்காரி டோரீன்
இன்னும் ஒரு சாண் இறங்கினால்
தன் படகுகள் சேற்றில் குந்திவிடும் என்றாள்.
ஒரு வழக்கறிஞர் உத்தரவின் பிரிவுகளை வாசித்தார்.
எதை வறட்சி என்று சொல்லலாம் என்பதற்கே
அவரிடம் மூன்று அளவுகள் இருந்தன.
வெளியே வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது,
அது எந்தப் பிரிவிலும் இல்லை.

பிறகு லோரெட்டா எழுந்தாள்.
சியில்க்ஸ் மக்களின் மீன்வளத் துறை.
ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.
பலகையில் ஏரியைக் குறுக்கே வெட்டி வரைந்தாள்.
மேலே சூடு.
கீழே மூச்சு இல்லை.
நடுவே ஒரு பட்டை, அதில்தான்
சாக்கை சால்மன்கள் நிற்கின்றன.
"கடலிலிருந்து ஒன்பது அணை ஏறி வந்தவை.
நீங்கள் மேலே எத்தனை அங்குலம் என்கிறீர்கள்.
நான் நடுவே எத்தனை என்கிறேன்."

பட்டையின் உயரம் என்று அவள் காட்டியது
ஒரு கட்டைவிரல்.

எனக்கு ஒரு சொல் வந்து
நாக்கிலேயே நின்றது.
இன்று உன் முறை, நாளை என் முறை என்று
மடையில் சொல்கிற முறை.
அவர் உனக்கு என்ன முறை என்று
கல்யாண வீட்டில் கேட்கிற முறை.
நீ செய்தது முறையா என்று
சண்டையில் கேட்கிற முறை.
ஓரோவில் ஆப்பிளுக்கு
ஒசோயூஸ் செர்ரி என்ன முறை?
ஒன்பதாவது அணைக்கு
இந்த மீன் என்ன முறை?
கேட்கவில்லை.
ஆங்கிலத்தில் அது மூன்று கேள்வியாகிவிடும்,
ஆளுக்கு இரண்டு நிமிடம்தான்.
தவிர, நான் எண் சொல்ல வந்தவன்.
எண்ணைச் சொன்னேன்.
வெண்டல் தன் எண்ணைச் சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை.

இரவு பத்தரைக்கு ஒருவழியாக முடிந்தது:
வடக்கே பென்டிக்டனில் கொஞ்சம் கூடுதலாகத் திறப்பார்கள்,
வருவதைப் பிடித்து வைக்காமல் வெண்டல் கீழே விடுவார்,
தோட்டங்களுக்கு இரவுப் பாசனம் மட்டும்,
மூன்று வாரம், பிறகு பார்க்கலாம்.
டோரீன் கையெழுத்திடாமல் போனாள்.
குர்பச்சன் கையெழுத்திட்டு,
பேனாவை மறந்து சட்டைப்பையில் கொண்டுபோனார்.

இன்று பத்தாவது நாள்.
லோரெட்டா கருவியை இறக்கிப் பார்த்து
ஒரே வரி அனுப்பியிருந்தாள்:
பட்டை கொஞ்சம் தடித்திருக்கிறது, உறுதியில்லை.
நான் தூணருகே குனிகிறபோது
யாரோ ஒரு விசைப்படகில் சீறிப் போனார்கள்.
பட்டையில் தண்ணீர் ஏறுகிறது, இறங்குகிறது.
அலை அடங்கும்வரை எண் கிடையாது.
பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு
நிற்கிறேன்.